கடலோர வீட்டுக்கு எந்தக் கெக்கோ: கிரெஸ்டடா, லெப்பர்டா, ஃபேட் டெயிலா?

வீட்டில் வளர்க்கக் கெக்கோ என்னும் பல்லி வாங்கலாமா, எந்த வகை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு தெர்மாமீட்டரும் ஈரப்பத மீட்டரும் வாங்கி, தொட்டியை வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது, விடியற்காலையில் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். எந்தப் பல்லி என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தாலே அதிகம். அதனால் பல்பு, ஹீட் மேட், செராமிக் ஹீட்டர் என்று சூடேற்றும் வழிகளையே பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் நிலைமை தலைகீழ். அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஃபேன் ஓடினாலும் 35, 36 டிகிரி சாதாரணம். மாலையில் கடற்காற்று ஏறினால் வீதியில் நடப்பவருக்கு இதமாக இருக்கும்; ஜன்னல் சாத்திய அறைக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. ஈரப்பதமோ பெரும்பாலான மாதங்களில் 70 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் ஏறும். ஆகவே நம் ஊரில் ஒரு கெக்கோவைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்தான் எனக்குத் தெரிந்தது: அது இந்தப் புழுக்கத்தைத் தாங்குமா?

முதலில் சட்டம்

நம் நாட்டுக் காட்டுப் பல்லிகளைப் பிடித்து வளர்க்கும் எண்ணமே வேண்டாம். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வாழும் தங்கப் பல்லியும், வடகிழக்கில் வாழும் டோக்கே கெக்கோவும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. யாராவது ரகசியமாக விற்க வந்தால் விலகிப் போவதுதான் சரி.

வெளிநாட்டு விலங்குகளுக்கும் இப்போது விதிகள் வந்துவிட்டன. 2022-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்வதற்கான விதிகள் 2024-ல் வெளிவந்தன. பச்சைப் பசேலென்று இருக்கும் மடகாஸ்கர் பகல் கெக்கோ அந்தப் பட்டியலில் வருவது. நீங்கள் வாங்கும் வகை எதுவாக இருந்தாலும் ரசீது, எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்ற விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்திலேயே லெப்பர்ட் கெக்கோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உலகத்தில் அதிகம் வளர்க்கப்படும் கெக்கோக்களில் அது ஒன்று. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, சாந்தமான சுபாவம், சிரிப்பது போன்ற வாய். ஆனால் அதன் பூர்விகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அவற்றை ஒட்டிய வறண்ட கல்நிலம். அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியக் காடுகளிலும் வாழ்கின்றன. இப்படி எல்லையை ஒட்டி வாழும் ஓர் இனத்தை வனத்துறையிடம் எழுத்தில் தெளிவு பெறாமல் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்பவெப்பமும் இடிக்கிறது. 30, 40 சதவீத ஈரப்பதம் அதற்குப் பிடித்தமானது; நம் கடற்கரையில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. காற்றோட்டமில்லாத ஈரமும் மழைக்காலக் குளிர்ச்சியும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வர வாய்ப்புண்டு. வலை மூடி, நல்ல காற்றோட்டம், உலர்ந்த தரை என்று கவனமாக இருந்தால் சமாளிக்கலாம்தான். அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கும்போது ஏன் மெனக்கெட வேண்டும் என்பதே என் எண்ணம்.

கிரெஸ்டட் கெக்கோ: அழகு அதிகம், நிபந்தனையும் அதிகம்

பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகள் கைகாட்டுவது இதைத்தான். கண்ணுக்கு மேலே இமைமுடி போல வரிசையாக முட்கள், பெரிய கண்கள், கண்ணாடியில் ஒட்டி ஏறும் பாதங்கள். கண்ணை மூட இமை கிடையாது. நாக்கை நீட்டி நக்கித்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா. இன்றும் பிரான்ஸின் ஆட்சியில் இருக்கும் தீவு என்பதால் புதுச்சேரிக்காரர்களில் சிலருக்குப் பெயர் பழக்கப்பட்டிருக்கும். 1866-ல் அறிவியல் பெயர் பெற்ற இந்தப் பல்லி பிற்பாடு அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1994-ல் மறுபடி கண்ணில் பட்டது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவை, அதற்குப் பிறகு கூண்டில் பெருக்கப்பட்டவற்றின் வம்சம்.

இதன் பெரிய சௌகரியம் சாப்பாடு. பழமும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த தூள் தயாராகக் கிடைக்கிறது. தண்ணீரில் குழைத்து ஒரு சின்ன மூடியில் வைத்தால் இரவில் வந்து நக்கிச் சாப்பிட்டுவிடும். அவ்வப்போது பூச்சி கொடுத்தால் நல்லது, ஆனால் தூளை நம்பியே வளர்ப்பவர்கள் ஏராளம். வீட்டில் புழு பூச்சி டப்பா வைக்கப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் சூடு. 22 முதல் 26 டிகிரி வரைதான் இதற்குச் சுகம். 28-ஐத் தாண்டினால் சோர்ந்துபோகும். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் மார்ச் முதல் செப்டம்பர் வரை, பகலும் இரவும், ஏ.சி. அறை இல்லாமல் இதை வைத்திருக்க முடியாது. ராத்திரி தூங்கும்போது மட்டும் ஏ.சி. போடும் வீடு இதற்கு உதவாது, ஏனென்றால் உச்சி வெயிலில்தான் ஆபத்து. ஒரு டன் ஏ.சி. முழு மூச்சில் ஓடும்போது ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும். ஹீட் மேட்டுக்கு இருபது வாட்கூடத் தேவைப்படாது. மின்கட்டணத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் மறந்திருக்காது. கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கெக்கோ வளர்ப்பவர்கள் பயப்படுவது இந்தப் புயல் நாட்களைத்தான், ஆனால் கிரெஸ்டடுக்கு அவை அவ்வளவு மோசமில்லை. புயல் மழையில் வீடு தானாகவே குளிர்ந்திருக்கும். மே மாதம், பகல் ஒரு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் போய் நான்கு மணி நேரம் கரண்ட் வரவில்லை என்றால்தான் கிரெஸ்டடின் உயிர் ஊசலாடும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் இழுக்கும், ஏ.சி.யை இழுக்காது. ஜெனரேட்டர் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு அறையில் எப்போதும் ஏ.சி. ஓடும் வீட்டில் இருப்பவர்கள் கிரெஸ்டட் வாங்கலாம். மற்றவர்கள் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

ஃபேட் டெயில்: நம் புழுக்கத்துக்கு ஏற்றது

ஆப்பிரிக்கன் ஃபேட் டெயில் கெக்கோ லெப்பர்டின் ஆப்பிரிக்க உறவு. செனகல் முதல் கேமரூன் வரை மேற்கு ஆப்பிரிக்காவில் வாழ்வது. பழுப்பில் அகலமான பட்டைகள், சிலவற்றில் தலை முதல் வால் வரை முதுகில் ஒரு வெள்ளைக் கோடு. கொழுப்பைச் சேமித்து வைக்கும் பருத்த வால். ஒரு சாண் நீளம். நம் சுவர்ப்பல்லி போல் இல்லாமல் இதற்குக் கண்ணிமை உண்டு, மூடித் தூங்கும். பாதத்தில் ஒட்டும் பட்டைகள் இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. மூடி சற்றே விலகியிருந்தாலும் கிரெஸ்டட் போலத் தப்பித்துக் கூரைக்குப் போய்விடாது.

தொட்டியின் ஒரு பக்கம் தரை 31, 32 டிகிரி, மறுபக்கம் 25, 26 டிகிரி, ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம். இதுதான் அது கேட்பது. நம் ஊரில் வருடத்தில் பல மாதங்கள் இந்த எண்களில் பாதி தானாகவே கிடைத்துவிடுகிறது. ஹீட் மேட் தேவைப்படுவது பெரும்பாலும் மழைக்காலத்திலும் மார்கழி, தை இரவுகளிலும்தான். அப்போதும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைப் பொருத்தவே கூடாது. அறையே 34-ல் இருக்கும் நாளில் அது தானாக அணையவில்லை என்றால் வயிறு வெந்துவிடும்.

மழைக்காலத்தில் பல நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் ஃபேட் டெயில் தாங்கும். வாலில் கொழுப்பு இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது ஒன்றே: சூடு திரும்பும் வரை சாப்பாடு கொடுக்காமல் இருப்பது. வயிற்றுக்குச் சூடு கிடைக்காவிட்டால் தின்றது செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். கிரெஸ்டடுக்கு மே மாத மின்வெட்டில் உயிரே போகலாம். இதற்கு டிசம்பர் மின்வெட்டில் போவது சில வேளைச் சாப்பாடு. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

மே மாதம் இதற்கும் கஷ்டம்தான், அதை மறைக்கக் கூடாது. அறை 35-ஐத் தாண்டினால் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று தொட்டியில் இல்லாமல் போய்விடும். மாடி அறையை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில், தடித்த சுவருள்ள பழைய வீடானால் இன்னும் நல்லது, தரையை ஒட்டித் தாழ்வாகத் தொட்டியை வையுங்கள். சிவப்பு சிமென்ட் தரையின் குளிர்ச்சி நன்றாகவே உதவும். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே ஒரு ஓரத்தில் சாய்த்து வைத்தால் அந்த மூலை சில டிகிரி இறங்கும். ஜன்னல் வெயில் கண்ணாடித் தொட்டியில் நேராக விழவே கூடாது. அரை மணி நேரம் போதும், உள்ளே இருப்பது பிழைக்காது.

ஒளிந்துகொள்ள இடம் மூன்று வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரமானது ஒன்று. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைகளைவிட நம் ஊர் மண் பாத்திரம் மேல். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு சின்னச் சட்டி வாங்கிக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு வாசல் உடைத்து, கூர்முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். உள்ளே ஈரத் தேங்காய் நார்த்தூள் போட்டு வைத்தால் மண்சட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ச்சியும் தரும்.

அந்த ஈரக்குகை தோல் உரிக்கும்போதுதான் முக்கியமாகத் தேவைப்படும். உரிப்பதற்கு முந்தைய நாள் பல்லி வெளுத்து, சாயம் போன துணி போல் ஆகிவிடும். பிறகு மூக்கைக் கல்லில் தேய்த்து, தோலை வாயால் கவ்வி இழுத்து, சட்டை கழற்றுவது மாதிரி கழற்றி, அதையே தின்றுவிடும். முடிந்தபின் விரல் விரலாகப் பாருங்கள். நுனியில் வளையமாகத் தோல் சிக்கியிருந்தால் ரத்த ஓட்டம் நின்று விரல் உதிர்ந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நனைத்து, ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டினால் வந்துவிடும்.

பூச்சி விஷயம்

ஃபேட் டெயில் வாங்கினால் பூச்சியிலிருந்து தப்பிக்க முடியாது. பழமோ தூளோ சாப்பிடாது. உயிரோடு அசையும் இரைதான் வேண்டும். வீட்டில் இதற்கு ஒப்புதல் இருக்கிறதா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கிடைப்பதில் எளிது மீல்வார்ம் என்னும் புழு. அரோவானா மீனுக்காக மீன் கடைகளில் விற்பார்கள். கோதுமைத் தவிட்டில் போட்டு மூடி வைத்தால் சத்தமில்லை, நாற்றமில்லை. கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் அதை மட்டுமே நம்பக் கூடாது. சுவர்க்கோழி சத்துள்ளது, துள்ளுவதால் பல்லியும் உற்சாகமாகத் துரத்தும். ஆனால் ஒன்று தப்பித்து அலமாரிக்குப் பின்னால் போனால் இரவு முழுக்க கத்தித் தீர்க்கும். மிச்சமான பூச்சியைத் தொட்டியிலேயே விட்டால் தூங்கும் பல்லியைக் கடிக்கவும் செய்யும். டூபியா கரப்பான் சத்தம் போடாது, வழுவழுப்பான டப்பாவில் ஏறாது, சதைப்பற்றுள்ளது. சத்தைப் பார்த்தால் நான் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன், கரப்பானை டப்பாவில் வளர்க்கச் சம்மதிக்கும் வீடுகள் குறைவு என்றாலும். மீல்வார்மும் சுவர்க்கோழியும் மாற்றி மாற்றிக் கொடுப்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும்.

எந்தப் பூச்சியானாலும் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பு பூச்சிக்குக் காரட், முருங்கைக்கீரை போட்டு வயிறு நிறைய விடுங்கள். கொடுக்கும்போது சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டுங்கள், சில வேளைகளில் வைட்டமின் டி3 கலந்த தூளில். இதைத் தவறவிட்டால் எலும்பு மெலிந்து வளையும். தாடை தொங்குவதும் கால் வளைவதும் வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சாப்பாடு.

தோட்டத்திலும் சமையலறையிலும் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. மின்மினி ஒன்றே ஒன்று பல்லியைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுள்ளது.

இரை கொடுக்கும் நேரம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. இடுக்கியில் புழு நெளிந்ததும் தலையைத் தாழ்த்தி, உடம்பை அசைக்காமல், வால் நுனியை மட்டும் மெல்ல ஆட்டும். அப்புறம் ஒரே பாய்ச்சல். இரவு ஏழு எட்டு மணிக்குத்தான் இது விழிப்பதால், பள்ளி விட்டு வந்து பாடம் முடித்த பிள்ளைகள் பார்க்கத் தோதான நேரம்.

தரைக்குச் சில வார்த்தை போதும். மணல் வேண்டாம், இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைக்கும். முதல் சில வாரங்களுக்கு டிஷ்யூ பேப்பர் விரித்தால் கழிவு எப்படி இருக்கிறது என்று தெரியும். பிறகு டைல்ஸ் அல்லது நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய நார்த்தூள்.

எறும்பும் கொசுவும் நம் வீடுகளுக்கே உரிய தொல்லை. தொட்டி மேசையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள், பழைய காலத்தில் பலகார அலமாரிக்குச் செய்தது மாதிரி. எறும்புச் சாக்பீஸ், கொசுவத்தி, ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. கொசு அதிகமுள்ள வீடானால் ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டுத்தான் கெக்கோ வாங்க வேண்டும்.

மருத்துவர், வயது, வீட்டுப் பெரியவர்கள்

நாய் பூனை பார்க்கும் எல்லா டாக்டரும் பல்லி பார்ப்பதில்லை. புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சென்னை வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார், எந்த நாளில் இருப்பார் என்று விலங்கு வீட்டுக்கு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

இந்த மூன்று வகைகளும் 15 வருடங்களுக்கு மேல் வாழக்கூடியவை. பத்து வயதில் கேட்ட பிள்ளை கல்லூரிக்கு வெளியூர் போனபின் புழு டப்பாவைப் பார்த்துக்கொள்ளப்போவது அம்மாவோ அப்பாவோதான். அவர்களுக்கும் இதில் ஆசை இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி, உடல் நலிந்த முதியவர் இருக்கும் வீட்டில் கொஞ்சம் தள்ளிப்போடுவதே நல்லது. ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பல்லித் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது.

பல்லி விழும் பலன் பார்க்கும் பாட்டி வீட்டில் இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது சுவரில் ஏறாது, மேலே விழாது என்பது ஃபேட் டெயிலுக்குச் சாதகமான வாதம்.

எதுவும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். மேலே சொன்ன எதற்கும் வீடு தோதில்லை என்றால், வாசல் விளக்கைச் சுற்றி வரும் சுவர்ப்பல்லிகளைப் பாருங்கள். எந்தப் பல்லி எந்த மூலையைத் தன் இடமாக வைத்திருக்கிறது, அடுத்தது வந்தால் எப்படி விரட்டுகிறது, ஈசலை எப்படிக் கவ்வுகிறது என்று ஒரு பிள்ளை நோட்டுப் போட்டு எழுதினால் ஒரு வருடத்துக்கு விஷயம் இருக்கிறது. அவற்றைப் பிடித்து டப்பாவில் அடைக்க வேண்டாம். பயத்தில் வாலை விட்டுவிடும், சாப்பிடாது.

வாங்குவதென்று முடிவானால் மார்ச் முதல் ஜூன் வரை தவிர்த்துவிடுங்கள், அந்த வெயிலில் பயணமே அதைப் பாதி கொன்றுவிடும். பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்புகிறேன் என்பவரை எந்த மாதத்திலும் தவிர்த்துவிடுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். வால் கழுத்தளவாவது பருத்திருக்க வேண்டும், கண் இரண்டும் முழுதாகத் திறக்க வேண்டும், விரல்கள் எண்ணிக்கையில் சரியாக இருக்க வேண்டும், நடக்கும்போது வயிறு தரையிலிருந்து எழும்ப வேண்டும். உங்கள் கண்ணெதிரே ஒரு புழுவைத் தின்னச் சொல்லிக் கேளுங்கள். பகலில் தின்னாது என்று விற்பவர் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது, இரவு ஏழு மணிக்குத் திரும்ப வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.